முதல் வருஷத்து பிரேக்

மெக்கானிக்கின் பட்டறையில் அவருக்குப் பெயர் கேட்லாக். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஓர் இத்தாலிய சலூன் காரின் ஜாதகம் முழுக்க அவர் நாக்கு நுனியில் இருந்தது. முதல் வருஷத்து வண்டியில் கியர்க் கம்பி ஸ்டியரிங்கோடு ஒட்டியிருக்கும். பிறகு அது தரைக்கு இறங்கியது. முன்சீட்டு முதலில் ஒரே பெஞ்சு. அப்புறம் அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி இரண்டானது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தெரியாதது ஒன்றே ஒன்று: ஓட்டுவது. அதை அவர் மனைவி பார்த்துக்கொண்டார். மேட்டுக் குடியிருப்பிலிருந்து நீண்ட சரிவில் இறங்கி, ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்கு அந்தக் காரில்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தார்.

ஒரு திங்கட்கிழமை கேட்லாக் நான்கு பழைய டிரம் பிரேக்குகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, பேரப்பிள்ளையைக் கிடத்துவதுபோல் மேஜைமேல் வைத்தார்.

"நாலும் முதல் வருஷத்து ஒரிஜினல். டிஸ்க் பிரேக்கைக் கழட்டிட்டு இதை மாட்டு."

"எதுக்கு சார்? டிஸ்க்கு நல்லா பிடிக்குதே."

"பிடிக்குதுப்பா. ஆனா அது பின்னாடி வந்த மாடலோடது. சங்கத்துத் தலைவர் பரிசோதனைக்கு வர்றார். அசல் சான்றிதழ்னா சும்மாவா?"

பழைய கார் சங்கத் தலைவர் பம்பரின் திருகாணியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவர். குனிந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும்.

"சரிவுல டிரம் சூடேறிச்சுன்னா பிடி விட்டுடும் சார். செஞ்சவனே அப்புறம் மாத்திட்டான். அவனென்ன பைத்தியக்காரனா?"

"மாத்தினதுதான் அவன் பண்ணின தப்பு. நீ மாட்டலேன்னா பாலத்தடியில இருக்கறவன்கிட்ட போறேன்."

பாலத்தடி ஆள் எண்ணெய்க் கசிவைக் கண்ணீர்த் துளி என்று விட்டுவிடுகிறவன். அவன் கெடுப்பதைவிடத் தானே ஒழுங்காக மாட்டிவிடலாம் என்று மெக்கானிக் நினைத்தான். செய்யக்கூடாத வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டால் பாவம் பாதியாகும் என்பது கைத்திறன் உள்ளவர்களுக்கு மட்டும் வரும் நோய். பரிசோதனை முடிந்த மறுநாளே டிஸ்க்கை மாட்டிவிட வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு மாட்டினான்.

வண்டியெடுக்க வந்த கேட்லாக்கின் மனைவி பெடலை மிதித்துப் பார்த்தார். "என்ன தம்பி, கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கு?"

"ஒரு வாரம்தான்க்கா. சின்ன கியர்ல இறங்குங்க. பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க."

"சரி விடு. கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர் இவ்வளவு ஆசையா பார்த்ததில்ல."

சான்றிதழ் வந்தது, கண்ணாடி போட்டுச் சுவரில் ஏறியது. மெக்கானிக் மூன்று முறை போன் செய்தான்.

"மாத்தினா சான்றிதழ் ரத்துப்பா. சங்கத்தோட ஏழாவது விதி" என்றார் கேட்லாக்.

நான்காவது முறை மனைவியிடமே பேசினான். "அக்கா, பஸ்ல போங்க. மழை வேற."

"வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வண்டியைக் கொண்டுவர்றேன். அவருக்குத் தெரியாம மாத்திடு. அவருக்கு எங்க தெரியப்போகுது, வெளியில இருந்து பார்க்கறவர்தானே?" சிரித்தார்.

வியாழக்கிழமை காலை, சரிவின் அடியில், நின்றிருந்த லாரியின் பின்பக்கம் அந்தக் காரை நிறுத்தியது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மருந்துக் கிடங்குக்கு அல்ல, பிணவறைக்கு.

விசாரணை அறையில் ஆய்வாளர் படிவத்தை நிரப்பினார். "பிரேக் வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது சார். அது செய்யற அளவுக்கு."

"கம்பெனி அளவுப்படிதானே இருந்துது? அப்ப உன் மேல குத்தமில்ல."

"இருக்கு சார். தெரிஞ்சே மாட்டினேன்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஆய்வாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பக்கத்தில் இருந்த கேட்லாக் எட்டிப் பார்த்து, படிவத்தில் விரலை வைத்தார். "மூணாம் வருஷ மாடல்னு எழுதியிருக்கீங்க. முதல் வருஷம்."

மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அறைந்துவிடத்தான் எழுந்தான். ஆனால் கேட்லாக் விலகவில்லை; படிவத்திலிருந்து விரலை எடுக்காமலே அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அது ஒண்ணுதான்பா எனக்குத் தெரியும்" என்றார் கேட்லாக்.

ஆய்வாளர் மூன்றை அடித்து ஒன்று என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.