இதுதான் வெள்ளை

எனக்குத் தெரியாத மெஷினே கிடையாது என்று ஒரு திமிர் எனக்கு. கிரைண்டர் நின்றாலும் நான்தான், இன்வெர்ட்டர் கத்தினாலும் நான்தான். நாவலூர் ஆபீஸில் பிரின்டர் மக்கர் பண்ணினால்கூட, "அனிருத்தைக் கூப்பிடு" என்பார்கள். அந்தத் திமிரோடுதான் பாப்பா பிறந்த வாரத்தில் ஒரு வீடியோ கேமரா வாங்கினேன். போனிலேயே எடுக்கலாமே என்றாள் என் மனைவி நித்யஸ்ரீ. உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து முடிச்சூர் வீட்டுக்கு வந்தோம். ஐந்தாம் நாள் குழந்தையை மறுபடி கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர் ஞானஜோதி. நான்காம் நாள் விடியும்போது அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. மாடிப்படியில் ஏழாவது படி வரை தண்ணீர். மாடியில் நாங்கள் மூன்று பேர். கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு மஞ்சள் பல்பை மட்டும் எரியவிட்டிருந்தேன்.

அன்று காலை எடுத்ததுதான் முதல் வீடியோ. எடுக்கும்போது சமையலறையில் குக்கர் மூடி கீழே விழுந்தது. பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் சிரித்தோம். பிறகு கேமராவின் சின்னத் திரையில் அதைப் போட்டுப் பார்த்தபோது நித்யஸ்ரீயின் சிரிப்பு நின்றது.

"அனி, பாப்பா மஞ்சளா இருக்காளே."

"பல்பு மஞ்சள். அதான்."

"நேர்ல பார்த்தாலும் அப்படித்தான் இருக்கு."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று கிண்டலடித்தேன். அந்த வாயை இப்போது தைத்துவிடலாம் போல இருக்கிறது.

டாக்டருக்குப் போன் செய்தேன். பிறந்த குழந்தைக்குக் காமாலை வருவது சகஜம்தான், ஆனால் ஏறிவிட்டால் மூளையைத் தொடும், காதைக் கெடுக்கும் என்றார். வர முடியாவிட்டால் தினமும் வீடியோ அனுப்பச் சொன்னார். பல்பு வெளிச்சத்தில் எடுத்ததை அப்படியே அனுப்பினால் அவர் வீணாகப் பயப்படுவார் என்று நானாக முடிவு செய்தேன்.

கேமராவில் நிறத்தைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. ஒரு வெள்ளைப் பொருளைத் திரை நிறையக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அதை வைத்து மற்ற நிறங்களையெல்லாம் அது திருத்திக்கொள்ளும். கையெட்டும் தூரத்தில் இருந்தது பாப்பா படுத்திருந்த துணி. எங்கள் வீட்டில் பதினோராம் நாள் வரை குழந்தைக்குப் புதுத்துணி கூடாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேஷ்டிதான். அது என் மாமனாருடையது. வேஷ்டி என்றால் வெள்ளைதானே என்று அதன்மேல் கேமராவைப் பிடித்து அழுத்தினேன்.

திரையில் பாப்பா ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டாள்.

"பார்த்தியா?" என்றேன்.

நித்யஸ்ரீ திரையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் நிம்மதி வந்தது. அதைக் கொடுத்தது நான் என்று எனக்கு அவ்வளவு பெருமை. அதற்கப்புறம் நேரில் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால், உடனே திரையைப் பார்த்துத் தெம்பாகிக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் வீடியோவைப் பார்த்துவிட்டு டாக்டர் பேசினார்.

"நிறம் பரவாயில்லை. ஆனா வீடியோவை மட்டும் வச்சு சொல்ல முடியாது. நல்லா பால் குடிக்கிறாளா?"

"ஜோரா குடிக்கிறா டாக்டர்."

பொய். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். எதிர் மாடிக்காரர்கள், அழுகைச் சத்தமே கேட்கவில்லையே, இவ்வளவு சமர்த்தாக ஒரு குழந்தையா என்று மெச்சினார்கள். நானும் தலையாட்டினேன்.

ஆறாம் நாள் கோவளத்திலிருந்து வந்த மீன்பிடிப் படகு ஒன்று தெருத்தெருவாகப் பால் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தது. எத்திராஜ் என்ற மீனவர் எங்கள் மாடிப்படியில் படகை அணைத்து நிறுத்தினார். படியருகே பகல் வெளிச்சத்தில் நித்யஸ்ரீ குழந்தையோடு நின்றிருந்தாள்.

"இன்னா சார், கொயந்த இம்மாம் மஞ்சளா கீது? வாங்க, மெயின் ரோட்டாண்ட வுட்டுட்றேன். டாக்டராண்ட காட்டிருங்க."

"டாக்டர் பார்த்துட்டாங்க. நல்லாத்தான் இருக்காளாம்."

"இந்தத் தண்ணில எப்டிப் பாத்தாங்கோ?"

"வீடியோவுல" என்றேன் எரிச்சலோடு. மீன் பிடிக்கிறவர் எனக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார் என்று உள்ளுக்குள் நினைத்தேன். அவர் பாலைக் கையில் கொடுத்து, தன் போன் நம்பரையும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டாக்டரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"அனிருத், நீங்க அனுப்பின வீடியோவை மறுபடி பார்த்தேன். குழந்தை கையில எங்க ஆஸ்பத்திரியில கட்டின பேர் பட்டை இருக்கு. அது வெள்ளை. உங்க வீடியோவுல ஏன் நீலமா இருக்கு?"

பாப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தேன். பட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே விரித்திருந்த வேஷ்டி நெய் நிறத்தில் இருந்தது. அதற்கும் குழந்தையின் தோலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மஞ்சளைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"உடனே கிளம்புங்க" என்றார் டாக்டர்.

எத்திராஜுக்குப் போன் செய்தேன்; அவர் படகு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"கொயந்தய எயுப்பிக்கினே இரும்மா" என்று நித்யஸ்ரீயிடம் மட்டும் சொன்னார்.

அவள் பாப்பாவின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். பாப்பா கண்ணைத் திறக்கவில்லை.

உடம்பிலிருந்த ரத்தத்தை மாற்றினார்கள். ஆறு நாள் நீல விளக்கின் கீழே கிடத்தினார்கள். பாப்பா பிழைத்துக்கொண்டாள். காது எப்படி இருக்கிறது என்பதை மூன்றாம் மாதம் சோதித்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

அந்தச் சோதனை நாளைக்கு. இன்று மத்தியானம் பாப்பா கூடத்தில் மல்லாந்து படுத்துக் கைகால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். நிறம் நன்றாக இருக்கிறது. கேமரா இல்லாமலே தெரிகிறது. எனக்கு நாளை வரை பொறுக்கவில்லை. அவள் தலைமாட்டுக்குப் பின்னால் நின்று, அதே குக்கர் மூடியை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டேன்.

சமையலறையிலிருந்து நித்யஸ்ரீ ஓடி வந்தாள். எதிர் மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பாப்பா மின்விசிறியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நித்யஸ்ரீ மூடியைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடு" என்றாள்.