உதவியாளர்: பூஜ்ஜியம்

மணி மூன்று நாற்பத்தொன்று. செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு நான்காவது மாடியிலிருந்து படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள் ஆயுள் அக்கா.

ஐம்பத்திரண்டு வயது. படிக்கு ஒரு புகார் கொடுத்தன முழங்கால்கள். லிஃப்ட் கதவில் காலையிலிருந்தே 'பழுது' அட்டை தொங்குகிறது. மேனேஜருக்கு ஆறு தடவை போன் அடித்தாகிவிட்டது. கையெழுத்து வாங்கும் நேரத்தில் போனை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவது அவர் வழக்கம்.

இன்னொரு கையில் ஒரு மருந்துக்கடை பில். அதன் மேல் சிவப்பு முத்திரை: 'காயத்துக்குச் சம்பந்தமில்லை. நிராகரிக்கப்பட்டது.'

நாலு மணிக்குத் தரைத்தளத்தில் ஒரு மனிதர் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டுவிட்டால் அவர் மனைவி இன்னும் இருபத்தொன்பது வருஷத்துக்கு அவரைத் தூக்க வேண்டும். தனியாக.

எல்லாம் ஆயுள் அக்காவின் கைங்கரியம்.

அவள் உத்தியோகம் இதுதான். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களின் ஃபைல் இன்சூரன்ஸ் கம்பெனியில் அவள் மேஜைக்கு வரும். அந்த ஆளுக்கு இனிமேல் வாழ்நாள் முழுக்க மருத்துவச் செலவு எவ்வளவு ஆகும் என்று அவள் கணக்குப் போட வேண்டும். சக்கர நாற்காலி ஐந்து வருஷத்துக்கு ஒன்று. மெத்தை இரண்டு வருஷத்துக்கு ஒன்று. மாத்திரை, டாக்டர், பயிற்சி. எத்தனை வருஷத்துக்கு என்பதற்கு ஓர் ஆயுள் அட்டவணை உண்டு. வயதைப் பார்த்து, மிச்ச வருஷத்தைப் பார்த்து, பெருக்கிக் கூட்டினால் ஒரு தொகை. அதை மொத்தமாகக் கொடுத்து, 'இனி எங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு ஃபைலை மூடுவார்கள்.

அந்த அட்டவணையால்தான் அவளுக்கு அந்தப் பெயர். ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், "அக்கா, எனக்கு இன்னும் எத்தனை வருஷம்?" என்று கேக்கை நீட்டுவார்கள். "மொதல்ல எங்கயாவது விழுந்துட்டு வா, பாத்துச் சொல்றேன்" என்பாள். பதினாலு வருஷத்தில் ஒரு மதிப்பீடுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை.

இன்றைக்கு மத்தியானம் வரைக்கும்.

மூன்றாவது மாடி வளைவில் கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். ஃபைலில் இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தேழு. லிஃப்ட் குழியில் விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வலது மணிக்கட்டும் பாதி வேலைநிறுத்தம். எட்டு வாரத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்கு அவளே நேரில் போயிருந்தாள்.

இரண்டு அறை வீடு. கட்டிலிலிருந்து தானே சறுக்கி நாற்காலிக்கு மாறினார் மெக்கானிக். தானே சமையலறைக்கு உருட்டிக்கொண்டு போய் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினார். மனைவி கதவோரம் நின்று சிரித்தாள். ஆயுள் அக்கா ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "பிரமாதம்" என்றாள்.

அப்புறம் அந்த நோட்டு. என்னென்ன உதவி தேவைப்பட்டது என்று தினமும் எழுதச் சொல்லிக் கம்பெனி கொடுத்தது. மனைவியின் குண்டுக் கையெழுத்தில் எல்லா நாளும் ஒரே வரி: 'இன்று அவரே எல்லாம் செய்துகொண்டார். உதவி தேவைப்படவில்லை.'

மதிப்பீட்டுத் தாளில் உதவியாளருக்கு ஒரு வரி உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? ஆயுள் அக்கா பூஜ்ஜியம் போட்டாள். பக்கத்துக் கட்டத்தில், 'தானே தேநீர் தயாரிக்கிறார்.'

இன்று ஃபைலை மூடுவதற்கு முன்னால், நிராகரித்த பில்களை எண்ணி உறையில் போட உட்கார்ந்தாள். ஐந்து பில், தோள்வலிக் களிம்பு. மெக்கானிக்குத் தோளில் ஒரு கோளாறும் கிடையாது. ஆறாவது, தோள்பட்டைக்குக் கட்டும் பெல்ட். அதன் கடைசி வரியைப் படித்ததும்தான் செருப்பைக் கழற்றினாள்.

'இடது தோள். பெண்கள் அளவு. சிறியது.'

மூன்று ஐம்பத்திரண்டு. தரைத்தளம்.

லிஃப்ட் ஓடாததால் கையெழுத்தை ரிசப்ஷன் பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளேயிருந்து மெக்கானிக்கின் குரல் கேட்டது.

"கதவு ஸ்விட்ச்தான் சார். வரும்போதே காது குடுத்துக் கேட்டேன். மூடி மூடித் திறக்குது பாருங்க, அதான். பத்து நிமிஷ வேலை. எவனாவது மோட்டார் மாத்தணும்னு சொன்னா நம்பாதீங்க."

"மோட்டார்தான்னு சொல்லி முன்பணம் வாங்கிட்டுப் போயிருக்கான்!" என்றார் மேனேஜர்.

ஆயுள் அக்கா கதவைத் தள்ளினாள். மேஜைமேல் ஒப்பந்தம். மெக்கானிக்கின் விரல்களில் பேனா. நாற்காலிக்குப் பின்னால் அவர் மனைவி. ஒல்லியான உடம்பு, இடது கை புடவைத் தலைப்புக்குள்.

"போடாதீங்க!"

மேனேஜர் அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். "என்னம்மா, யாரை அடிக்க வந்தீங்க?"

"என்னையே அடிச்சுக்கணும் சார். மதிப்பீடு தப்பு. உதவியாளர் வரில நான் போட்ட பூஜ்ஜியம் தப்பு."

மேனேஜர் கெட்டவரில்லை. ஆனால் பெரிய ஆபீஸில் ஒரு மாதம் போராடி இந்தத் தொகைக்குச் சம்மதம் வாங்கியவர்.

"நீங்க நேர்ல போய்ப் பாத்து, நீங்களே கையெழுத்துப் போட்ட மதிப்பீடு. எட்டு நிமிஷம் இருக்கறப்ப தப்புன்னா, நான் மேல என்னன்னு சொல்றது?"

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. எழுதியே தரேன்."

"அது பத்தாதும்மா. அந்த வரியைத் திறக்க என்ன வேணும்னு எனக்கே பாடம் எடுத்தவங்க நீங்க. குறைஞ்சது முப்பது நாள், அன்னன்னிக்கு எழுதின பதிவு. நம்மகிட்ட இருக்கற பதிவு என்ன சொல்லுது?"

எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள்.

"நோட்ல இருக்கறதுதான் சார்," என்றாள் அவள், மூச்சு விடாமல். "அவரே எல்லாம் பண்ணிக்கறாரு. எனக்கு ஒரு வேலையும் இல்ல. மேடமே வந்து பாத்தாங்களே, டீகூட…"

ஆயுள் அக்கா மேஜையைச் சுற்றி அவள் பக்கத்தில் போனாள். பின்னால் இருந்த இரும்பு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். "ஒரு உதவி பண்ணும்மா. அந்தக் காலி ஃபைலைக் கொஞ்சம் எடுத்துத் தர்றியா? இந்தக் கையால."

இடது கையை மெல்லத் தொட்டாள்.

மனைவி சிரித்தாள். கையைத் தூக்கினாள். இடுப்பு வரை வந்தது. மார்பு வரை வந்தது. அங்கே நின்றது. உதட்டைக் கடித்தாள். ஃபைல் இன்னும் இரண்டு அடி உயரத்தில் இருந்தது.

"கிட்ட இருந்துக்கிட்டு எனக்கே தெரியாம…" என்று ஆரம்பித்த மெக்கானிக் பாதியில் நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம்.

"நோட்ல ஏம்மா அப்படி எழுதின?" என்றாள் ஆயுள் அக்கா.

மனைவிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "வேற என்ன எழுதச் சொல்றீங்க? முதல் வாரம் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பாத்ரூமுக்கு எட்டு தடவை தூக்கினேன்னு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இவரு அதை எடுத்துப் படிப்பாரு. மறுநாள் பாத்தா தண்ணியே குடிக்கறதில்ல. ஏங்கன்னு கேட்டா தாகமில்லைம்பாரு. தண்ணி குடிச்சா என்னைக் கூப்பிடணும்ல? நாலே நாள்ல காய்ச்சல், மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் திட்டறாரு, தண்ணி குடுக்கறதில்லையான்னு! வந்து அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, உதவி தேவைப்படலன்னு எழுதினேன். பாத்துட்டு இவரு, 'பரவால்லயே, நான் தேறிட்டேன் போல'ன்னாரு. அன்னிக்கு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு. அப்புறம் நான் ஏன் மாத்தி எழுதறேன்?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா பெரிய ஆபீஸ் தோளைப் பாக்காது, தாளைப் பாக்கும். உண்மையை எழுதின ஒரு தாளாவது இருக்கா?"

"கிழிச்சுட்டேனே சார்."

சுவர்க் கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிஷம். ஆயுள் அக்காவிடம் அடுத்த யோசனை இல்லை. பதினாலு வருஷமாகப் பதிவு, பதிவு என்று அவளே உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அது அவள் கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பேனாவின் மூடி 'டக்' என்று மூடும் சத்தம் கேட்டது.

"இருக்கு," என்றார் மெக்கானிக்.

நாற்காலி மெத்தைக்கு அடியில் கையை விட்டு, எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டு ஒன்றை உருவினார். லிஃப்ட் பராமரிப்புப் பதிவேடு. ஒவ்வொரு லிஃப்ட் அறையிலும் ஆணியில் தொங்குமே, அந்த நோட்டு. அச்சடித்த கட்டங்கள். தேதி, பாரம், பயணங்கள், சத்தம், மாற்ற வேண்டிய பாகம்.

"வேலைப் பையில ஒண்ணு மிச்சம் இருந்துச்சு சார். எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியாது."

ஆயுள் அக்கா முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் தேதி. இடது கையால் எழுதப் பழகிய கோணல் எழுத்து.

'பாரம்: 71 கிலோ. பயணங்கள்: 11. சத்தம்: இல்லை.'

புரட்டினாள். 'பயணங்கள்: 9. சத்தம்: இடப்பக்கம் லேசாக. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.' இன்னொரு பக்கம். 'பயணங்கள்: 10. சத்தம்: இடப்பக்கம் அதிகம். களிம்பு பில்லை மற்ற பில்களுக்கு நடுவில் வைத்து அனுப்பினேன். ஆபீஸில் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.' அடுத்த மாதம்: 'கேட்கவில்லை. மறுபடி அனுப்பினேன்.'

இருநூற்றுப் பதிமூன்று நாள். ஒரு நாள்கூட விடவில்லை.

மனைவி ஆயுள் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். முகம் சிவந்தது. "என்னை லிஃப்டுன்னா எழுதி வெச்சிருக்கீங்க?"

"எடை தாங்கற அளவு தெரியாம ஓட்டக்கூடாது. அது சட்டம்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் 'தேறிட்டேன் போல'ன்னு நடிச்சீங்களா?"

"நீ மெனக்கெட்டு எழுதறே. நான் நம்பலைன்னா நீ சங்கடப்படுவே." தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணியும் குடிச்சேன்ல?"

"இன்னிக்கு இதை எடுக்கலைன்னா கையெழுத்துப் போட்டிருப்பீங்களே!"

"எடுக்கத்தான் கொண்டு வந்தேன். உன் எதிர்ல எடுக்கக் கை வரல."

மேனேஜர் நோட்டை வாங்கி, 'மாற்ற வேண்டிய பாகம்' கட்டத்தில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே எல்லா நாளும் ஒரே வார்த்தை. 'கிடைக்காது.' ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பத்து நாள் தள்ளிப் போடறேன். அந்த வரியைத் திறங்கம்மா. பெரிய ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். எப்படியும் கத்துவாங்க. முழுத் தொகைக்கே கத்தட்டும்."

"ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உதவியாளர், இருபத்தொன்பது வருஷத்துக்கு," என்றாள் ஆயுள் அக்கா. கையில் பேனாகூட இல்லை, வாய் அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. "அவங்க தோளுக்குத் தனியா வைத்தியம். அதுக்கும் காரணம் இந்த விபத்துதான்." மெக்கானிக்கிடம் திரும்பினாள். "அன்னிக்கு நான் வந்தப்ப நீங்க கஷ்டப்பட்டதைக் காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே? கட்டில்லேந்து நீங்களே இறங்குனீங்களே, அது எப்படி?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"முதல் தடவையா வீட்டுக்கு வர்றீங்க," என்றார் அவர். "பாவம்னு எழுதிட்டுப் போயிடுவீங்களோன்னு… தேதி இருக்கு, நீங்களே பாருங்க."

மேனேஜர் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'பாரம்: 71 கிலோ. பயணங்கள்: 17. மேடம் வருவதற்கு முன் ஒத்திகை ஆறு. ஆறிலும் விழப் போனேன், ஆறிலும் அவள்தான் தூக்கினாள். மேடம் எதிரில் மட்டும் நானே இறங்கினேன்.'"

ஆயுள் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் மேனேஜர். அதைத் தனக்குள் ஒரு தடவை படித்துவிட்டு, நோட்டுக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"வேண்டாம் சார்," என்றாள் ஆயுள் அக்கா.

அவர் விடவில்லை. "'எனக்கு எட்டட்டும் என்று அவள் டப்பாக்களைக் கீழே இறக்கி இடம் மாற்றி வைத்திருந்தாள். டீயில் நான் போட்டது சர்க்கரை இல்லை, மூன்று ஸ்பூன் உப்பு. மேடம் முகம் சுளிக்காமல் முழுக்கக் குடித்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.'"