தலை வைத்த பக்கம்

படகுப் பட்டறையில் நாகரத்தினம் வரைந்த குழாய்ப் படத்தில் எஞ்சினியர் சொக்கலிங்கம் சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தக் குழாய் முதல் தடவையே சரியா உட்காந்துட்டா உன்ன பெர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன். ஆறு வருஷம் டெம்பரரியா இருந்தது போதும்."

நாகரத்தினம் தலையாட்டினான். நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் எஞ்சினியர் சாப்பிடப் போய்விட்டார்.

வடக்கே ரங்கத் என்னும் ஊருக்கு அரிசி கொண்டுபோகும் படகுக்கான குழாய் அது. கடல் தண்ணீரை எஞ்சினுக்குக் கொண்டுவந்து சூடு தணிப்பது. ஏழடி நீளம், மூன்று வளைவு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில். போர்ட் பிளேரில் அந்த அளவுச் செப்புக் குழாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கெடுத்துவிட்டால் அடுத்தது மெயின்லாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் எப்போது வரும் என்பதைக் கப்பல்தான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் ஓரத்து டாலிகஞ்சில் அவன் வீட்டுக்குள் மழை பெய்தது. வீட்டுக்கு வெளியேயும் பெய்தது. நாகரத்தினம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது தலைமாட்டில் ஒழுக ஆரம்பித்தது.

"ஏங்க, தலைய அந்தப் பக்கம் வெச்சுப் படுங்க" என்றாள் சந்திரமதி. சொல்லிவிட்டுத் தலையணை இருந்த இடத்தில் ஒரு குண்டானை வைத்தாள்.

அவன் திரும்பிப் படுத்தான். மல்லாந்து கூரையைப் பார்த்தான். இதுவரை இடது கைப்பக்கம் தொங்கிய காலண்டர் இப்போது வலது கைப்பக்கம் தொங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். குண்டானில் பதினேழு சொட்டு விழுந்தது.

பிறகு எழுந்து உட்கார்ந்தான்.

படகின் எஞ்சின் அறையில் நிற்க இடம் கிடையாது. அளவெடுக்க மல்லாந்து படுத்துத்தான் ஆகவேண்டும். அவன் படுத்தபோது தலை படகின் முன்பக்கம், கால் பின்பக்கம். முன், பின் எல்லாம் சரியாகத்தான் எழுதினான். இடம், வலம் மட்டும் தன் கையை வைத்து எழுதிவிட்டான். மேசைக்கு வந்து வரைந்தபோது, முன்னே பார்த்து நிற்கிறவனின் இடம் வலமாக அவற்றை எடுத்துக்கொண்டான். அளவில் ஒரு நூல் பிசகில்லை. குழாய் மட்டும் கண்ணாடியில் தெரிகிற குழாய்.

புரட்டிப் போட்டால் சரியாகிவிடுமோ என்று மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். இடது கால் செருப்பை எப்படிப் புரட்டினாலும் வலது காலுக்கு ஆகாது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் நம்ப மனம் வரவில்லை. கொல்லைப்புறம் போய்த் துணி காயப்போடும் கம்பிகள் இரண்டையும் அவிழ்த்தான்.

"கம்பி எதுக்கு?"

பதில் வர நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். துணிகளை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

படத்தில் உள்ளபடி ஒரு கம்பியையும் இடம் வலம் மாற்றி இன்னொரு கம்பியையும் வளைத்து, இரண்டையும் தரையில் வைத்து, பொழுது சாயும்வரை புரட்டினான். ஒன்று இன்னொன்றாக மறுத்துவிட்டது.

"குழாய் தப்பு" என்றான் சாயங்காலக் காப்பியின்போது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"அப்ப நாளைக்கு அவங்களுக்கும் தெரியும்" என்றாள் சந்திரமதி. காப்பி ஆறிவிட்டதென்று டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை சரியான கம்பியோடு கராச்சர்மாவிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினான். ஏழடிக் கம்பி, மூன்று வளைவோடு பஸ்ஸில் யாருக்கும் பிடிக்காத ஒரு பிரயாணி.

"அரே, க்யா ஹை யே?" என்றார் கண்டக்டர்.

"குழாய்."

"குழாய்க்கு டிக்கெட் வேணாம் பாய். அது நிக்கிற எடத்துக்கு வேணும்."

இரண்டு டிக்கெட் வாங்கினான். யாருக்கும் இடிக்காமல் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு யோசனை வந்தது. குழாய் உட்காராது. உட்காராத குழாய்க்கு எப்போதும் திட்டு வாங்குகிறவர் ஃபிட்டர் சிவஞானம். படத்தை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. யோசனை அந்த இடத்துக்கு வந்தபோது பஸ் திரும்பியது. மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மாள் பிடிமானத்துக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

"லூசா இருக்கே, டைட் பண்ணக் கூடாதா?" என்றாள் கண்டக்டரிடம்.

பட்டறையில் உலை எரிந்துகொண்டிருந்தது. சிவஞானம், வளைக்கும்போது நசுங்காமலிருக்க, மணலை ஈரம் போக வறுத்துக் குழாய்க்குள் அடைத்து, இரண்டு முனையிலும் கட்டை அடித்து, முதல் வளைவுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடும் போட்டுவிட்டார். எஞ்சினியர் கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நாகரத்தினம் போய் நின்றான். வெகுநேரம் நின்றான். சிவஞானம் குழாயை உலைக்குத் தூக்கினார்.

"படம் தப்பு" என்றான்.

எஞ்சினியர் திரும்பினார். "எவ்வளவு தப்பு?"

"முழுசா சார். இடம் வலம் மாறிப்போச்சு."

"சனிக்கிழமை தெரியலையா?"

"இல்ல சார். நேத்துதான்."

"நேத்து எப்படித் தெரிஞ்சுது?"

சுருக்கமாகச் சொல்ல வழி தேடினான். "வீடு ஒழுகுது சார்."

"அதுக்கு பி.டபிள்யூ.டி.ல எழுதிக் குடு" என்றார் எஞ்சினியர்.

சிவஞானம் குழாயைக் கீழே வைத்தார். "நல்லவேளை. நான் படத்துல உள்ளபடிதான் சார் வளைச்சிருப்பேன். படிச்சவங்க போட்டது, அதுல நான் கை வெக்க முடியுமா? கையில என்ன தம்பி, துணிக்கொடியா?"

"ஆமா அண்ணே."

கம்பியை வாங்கிக்கொண்டு படகுக்குள் இறங்கினார். நாகரத்தினம் மேலே குனிந்து நின்றான். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ரெண்டு வளைவு டீக் ஹை. மூணாவது எங்கேயோ போவுது. இது என்ன வளைவு தம்பி?"

"அது ஒரு அம்மா பிடிச்சது."

"பலமான அம்மாதான்" என்றது குரல். அங்கேயே கம்பியை அழுத்தி உட்காரவைத்து, எங்கும் தட்டாமல் வெளியே எடுத்து வந்தார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குழாயை வளைத்தார். சாயங்காலம் குழாய் முதல் தடவையே உட்கார்ந்தது. புதன்கிழமை படகு அரிசியோடு போயிற்று.

எஞ்சினியர் ஃபைலில் இரண்டு வரி எழுதினார். படம் பிழை, வரைந்தவரே முன்வந்து தெரிவித்தார். நிரந்தரம் குறித்து அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம். எழுதியதை நாகரத்தினத்திடம் காட்டினார். அவன் படித்தான். இடம் வலம் சரியாக ஒரு புதுப்படம் வரைந்து அதன் பின்னால் கோத்தான்.

கம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வரும்போதும் இரண்டு டிக்கெட்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சந்திரமதி.

"அடுத்த வருஷம்."

அவள் கம்பியை வாங்கி, இருந்தபடியே இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டினாள். கொஞ்சம் எட்டவில்லை, கயிறு சேர்த்துக் கட்டினாள். ஈரச் சேலையைப் போட்டதும் அது சரிந்து இரண்டாவது வளைவில் போய்ச் சேர்ந்தது. வேட்டியும் அங்கேயே போயிற்று.

"நிமித்திக் குடுக்கட்டா?"

"இருக்கட்டும். அடுத்த வருஷமும் கேப்பாங்கல்ல, தப்புன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு. இதக் காட்டுங்க" என்றாள். "வீடு ஒழுகுதுன்னு சொல்லாதீங்க."

அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சொல்லலாமா என்று யோசித்தான். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.