வேலிக்கு உள்ளே நட்ட மரவள்ளி

"அந்த நிலம் யாருடையது?" என்று நீதிபதி கேட்டார். பராகுவேயில் இருந்து விமானம் ஏறி வந்து சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருந்தவள் என் அக்கா செவெரியானா. அவள் பேசுவதை ஸ்பானிஷில் சொல்ல வேண்டியவன் நான்.

"கத்தி என்னுது, நாய் என்னுது. நெலம் எப்படிடா என்னுதாகும்? நாமதான் அதோட ஆளுங்க" என்றாள் அக்கா.

எங்கள் மொழி தெரிந்த எங்கள் வக்கீல் நொயெமியின் முகம் வெளிறிவிட்டது. பராகுவேயின் சாக்கோ காட்டுப்பகுதியில் மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் பழங்குடிகளான எங்கள் காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டதிலிருந்து, வேலிக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டிக் கிடக்கிறோம். எங்கள் நாட்டில் யாரும் காதுகொடுக்காததால் நொயெமி வழக்கை அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கான இந்த மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பழங்குடிகள் சேர்ந்து வாழ்ந்த நிலத்துக்கும் சொத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்பது அவர் வாதம். இவளோ சொத்தே இல்லை என்கிறாள்!

"அக்கா, எங்களோடதுன்னு சொல்லட்டுமா?"

"நான் சொன்னதச் சொல்லுடா."

சொன்னேன். நீதிபதி தலையாட்டினார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நொயெமி போன் செய்தார். "ஜெயிச்சுட்டோம் செவெரியானா! நிலம் உங்க எல்லாருக்கும் பொதுச் சொத்துன்னு தீர்ப்பு."

"அப்ப வேலிய எப்ப பிரிக்கறாங்க?"

"அரசாங்கம் பண்ணைக்காரர்கிட்ட பேசி வாங்கித் தரணும். கொஞ்ச நாள் ஆகும்."

"ஜெயிச்சது நாம. பேசிக்கறது அவங்க ரெண்டு பேரா?"

"விசாரிச்சுச் சொல்றேன்" என்று நொயெமி போனை வைத்தார்.

அக்கா காத்திருக்கவில்லை. மறுநாள் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் கம்பியைத் தூக்கிப் பிடித்தேன்; குனிந்து உள்ளே போய்த் தோண்ட ஆரம்பித்தாள். குச்சிகளில் பாதியை நடுவதற்குள் போலீஸ் வண்டி வந்து நின்றது.

"யார் நெலத்துல தோண்டற?" என்றார் போலீஸ்காரர்.

அக்கா என்னைப் பார்த்தாள். "இப்ப எதடா சொல்லணும்? கோர்ட்டுல நான் சொன்னதையா, தீர்ப்புல அவங்க எழுதினதையா?"

எனக்கும் தெரியவில்லை. "தீர்ப்பு வந்திருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ரேடியோல நானும் கேட்டேம்பா. ஆனா பட்டா இன்னும் பண்ணைக்காரர் பேர்லதான இருக்கு? உங்களப் பிடிச்சா தப்பா, விட்டா தப்பா?" வண்டிக்குள் போய் மேலதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவருக்கும் தெரியலையாம். நட்டுக்க. நான் எதையும் பாக்கல."

மரவள்ளி துளிர் விட்ட வாரம் அரசாங்கத்துத் தண்ணீர் லாரி வந்தது. நிலம் கைக்கு வரும்வரை எங்களுக்குக் குடிதண்ணீர் தர வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருந்ததாம். வேலிக்கு உள்ளே வந்து ஊற்றச் சொல்லிக் கூப்பிட்டோம்.

"ரோட்டோரத்துல ஊத்தச் சொல்லித்தான் உத்தரவு. உள்ள வந்தா என் வேலை போயிடும்" என்றார் டிரைவர்.

அக்கா கத்தினாள். "சோறு உள்ள, தண்ணி வெளிய. நான் எங்கடா இருக்கறது?"

அவள் தன் விரிப்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கம்பிக்குக் கீழே நுழைந்தாள். ரோட்டோரத்துக்குப் பள்ளிக்கூட வண்டி வரும், என் பிள்ளைகளுக்காக நான் வெளியிலேயே தங்கினேன். குடத்தை மட்டும் நிரப்பி வேலிக்கு மேலாக நீட்டினேன். வாங்கிக்கொண்டவள், "இங்க பண்ணை மாடு செடியத் திங்க வருதுடா, வெரட்ட ஒரு தடி குடு" என்றாள்.