சாம்பல்வீரன் சொன்ன பொய்

செத்துப்போன மனைவிக்கு நோட்டீஸ் வந்திருந்தது. அனுப்பியது கோர்ட்டும் இல்லை, வரி ஆபீஸும் இல்லை. காமிக்ஸ் வாசகர் வட்டம்.

அவளுடைய செல்போனை அவன் இன்னமும் சார்ஜ் போட்டுப் பையில் வைத்திருந்தான். அவன் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் குடிதண்ணீர் சாம்பிள் பாட்டில்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது அது அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தான். சாம்பல்வீரன் உருவான கதை பற்றிய தங்கள் விளக்கத்துக்கு ஆட்சேபம் வந்துள்ளது. ஞாயிறு கூட்டத்தில் பதில் தரவும். பதில் வராவிட்டால் விளக்கம் தள்ளுபடி. இப்படிக்கு, ஆட்சேபம் எழுப்பிய ஆடிட்டர்.

அந்த ஆடிட்டரை அவனுக்குத் தெரியும். அவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு முறை சாப்பிட்டவர். அவளுடைய கடைசிக் காரியத்துக்கு வந்து, ஓரமாக நின்று, ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போனவர். நாலு மாதம் கழித்து இப்போது வாயைத் திறக்கிறார். ‘பதில் வராவிட்டால்’ என்கிறார். யாரிடமிருந்து வரும் என்று நினைத்தார் இந்த ஆள்? அவன் கோபத்தில் பாட்டிலை வைத்த வேகத்துக்குப் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் காமிக்ஸ் படிப்பவன் இல்லை. கட்டிக்கொண்ட பிறகு அவள் பேசக் கேட்டதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடும் அந்த வட்டத்துக்கு ஒரே வேலை, கதைகளுக்குள் இடிக்கும் இடங்களைப் பிடிப்பது. முதல் இதழில் இடது கண்ணில் தழும்பு, பத்தாம் இதழில் வலது கண்ணில் எப்படி? இறந்த வில்லன் எந்த வழியாக வந்தான்? யாராவது ஒரு விளக்கம் எழுதுவார்கள். மற்றவர்கள் கிழிப்பார்கள். கிழிபடாமல் நின்றால் அது வட்டத்தின் இணையப் பக்கத்தில் ஏறும். பிறகு யார் ஆட்சேபித்தாலும் எழுதியவரோ அவர் சார்பில் ஒருவரோ வந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஆள் வராவிட்டால் விளக்கம் போயிற்று. அப்படித்தான் விதி. அவளே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி.

சாம்பல்வீரனின் சிக்கல் பழையது. முதல் இதழில் அவன் ஒரு பத்திரிகைக்காரியிடம் தன் கதையைச் சொல்கிறான். நூற்பாலை எரிந்த இரவு, அண்ணனைக் காப்பாற்ற உள்ளே ஓடினான், முடியவில்லை, அண்ணன் அவன் மடியிலேயே இறந்தான், வெளியே வந்தபோது அவன் உடம்பை நெருப்பு தொடவில்லை. சரி. ஆனால் பிற்பாடு வந்த ‘படகுத்துறை மர்மம்’ இதழில் அதே இரவு அவன் அம்மாவோடு படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறான். ஒரே ஆள், ஒரே இரவு, இரண்டு இடம். ஆடிட்டரின் கட்சி, படகு இதழ் எழுத்தாளரின் கவனக்குறைவு, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது. அவளுடைய கட்சி வேறு. சாம்பல்வீரன் பொய் சொல்கிறான் என்றாள். அவன் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. மறுநாள் வந்து, ஆறாத சாம்பலை வெறுங்கையால் தோண்டி அண்ணனைத் தேடினான். சக்தி அதிலிருந்து வந்தது. தீயில் கிடைத்த சக்தி என்றால் அவன் பெயரில் சாம்பல் எதற்கு?

அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் விபத்துகளைப் படிக்கிற வேலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: “நெஜமா நெருப்புல மாட்டினவன் இப்படி வரிசையா சொல்லமாட்டான். மொதல்ல தன் செருப்பு எங்க போச்சுன்னு சொல்லுவான். அழகா சொல்றான்னா ஆள் அங்க இல்லன்னு அர்த்தம்.”

அவன் அன்று தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்தான். பாதிதான் காதில் விழுந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனால் மாமியார் கூடத்தில் யாரோ தூரத்துச் சொந்தத்துக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் போனதிலிருந்து மாமியார் இங்கேதான் இருக்கிறார், அவனுக்குச் சமைத்துப் போட. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதைதான். “வலியே இல்லாம போயிட்டா. என் கையப் புடிச்சுக்கிட்டு, அவர பாத்துக்கோம்மான்னா. அப்படியே தூங்கற மாதிரி கண்ண மூடிட்டா. வாய் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டா என் பொண்ணு.” வந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

அவள் மூன்றாம் மாடியிலிருந்து தெருவில் நின்ற காஸ் சிலிண்டர்காரரோடு சண்டை போட்டுத் தெருவையே கூட்டியவள். அவள் கண்ணை மூடிய நேரம் மாமியார் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாலு மாதமாக அதைத்தான் செய்துவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடை மாடிப்படி ஏறும்போது பேசவேண்டியதைப் பல்லுக்கடியில் தயாராக வைத்திருந்தான். அதில் இரண்டு கெட்டவார்த்தைகளும் இருந்தன.

மேலே நீளமான அறை. சுவரோரம் ஃப்ரேம் பெட்டிகள், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள், கண் பரிசோதனைக்கு மாட்டிய எழுத்துப் பலகை. கடைக்காரர்தான் வட்டத்தின் தலைவர், நல்ல மனிதர். அவனைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வங்கியில் காசாளராக இருப்பவர் கண்ணைத் துடைத்தார். ஸ்கேன் சென்டரில் வேலை செய்யும் பெண் தன் நாற்காலியை அவனுக்கு நகர்த்தினாள். ஆடிட்டர் மட்டும் மூலையில் இதழ்களை மடியில் அடுக்கிக்கொண்டு, வணக்கம் கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். எல்லாரும் கூடிப் பேசிவிட்டார்களாம். ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வதாக இல்லையாம். புதுச் சிறப்பிதழில் பதிப்பகத்தார் கதையையே மாற்றி எழுதிவிட்டார்கள், சாம்பல்வீரன் தீக்குள் இருந்ததுதான் உண்மை, படகுப் பயணம் வில்லன் அவன் மூளைக்குள் விதைத்த கனவு என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். அதனால் அவளுடைய விளக்கம் தப்பாகத்தான் ஆகிறது. ஆனாலும் அது பக்கத்தில் அப்படியே இருக்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம். கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்களாம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

‘மென்மையும் பொறுமையுமே உருவான எங்கள் சகோதரியின் நினைவாக.’

அவன் தயாரித்து வந்த வார்த்தைகளுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கேட்காமலே கிடைத்தது. பிச்சைக்காரன் தட்டில் விழுகிற மாதிரி விழுந்தது.

“நான் ஆட்சேபத்த வாபஸ் வாங்கல,” என்றார் ஆடிட்டர் மூலையிலிருந்து.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “சார், மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கு.”

“அந்தம்மா என்ன மரமண்டைன்னுதான் கூப்பிடுவாங்க. எல்லார் முன்னாடியும். நான் எழுதின ஆறு வெளக்கத்தக் கிழிச்சாங்க, ஒண்ணுக்குக் கூட எனக்குப் பாவம் பாக்கல. பொறுமையாம். அவங்க இருந்திருந்தா மொதல்ல இந்த வரிக்குத்தான் ஆட்சேபம் போட்டிருப்பாங்க.” அவர் குரல் நடுங்கியது. கோபமா வேறேதாவதா என்று தெரியவில்லை. “தப்புன்னு தெரிஞ்சே அவங்க பேர்ல வெச்சிருக்கறது மரியாதை இல்ல சார். அவமானம்.”

அவனுக்கு அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடித்து உலுக்கி, நீயும் சரியாகத்தான் சொல்கிறாய் என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே கோபமாக இருந்ததுதான் தாங்கவில்லை.

“அந்த வரிய எடுங்க,” என்றான் கடைக்காரரிடம்.

“தம்பி, அது...”

“எடுங்க. அவ பொறுமைசாலி இல்ல.” பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினான். “ஆட்சேபத்தச் சொல்லுங்க. பதிலுக்கு நான் வந்திருக்கேன்.”

ஆடிட்டர் எழுந்து நின்றார். அவர் பேசிய விதம் கணக்குத் தணிக்கை மாதிரியே இருந்தது. வட்டத்தின் விதிப்படி பாத்திரம் வாயால் சொல்வது பொய்யாக இருக்கலாம், ஆனால் சொல்பவர் யாரும் இல்லாமல் படம் நேராகக் காட்டுவது உண்மை. முதல் இதழில் தீ விபத்தைச் சாம்பல்வீரன் வாயால் சொன்னான், அதனால் பொய் என்று வாதாட இடம் இருந்தது. சிறப்பிதழ் ஒன்பதாம் பக்கத்தில் யாரும் சொல்லவில்லை. படமே காட்டுகிறது. ஆகவே சாம்பல்வீரன் அங்கே இருந்தான்.

பெயரில் சாம்பல் எதற்கு என்ற அவளுடைய கேள்வியை அவன் தூக்கிப் போட்டான். ஆடிட்டர் பதினோராம் பக்கத்தைத் திறந்தார். கூரை எரிந்து, சாம்பல் வீரன் மேல் மழை மாதிரி கொட்டுகிறது, பெயர் அதிலிருந்து வந்தது. படகில் கூட இருந்த சாம்பல்வீரனின் அம்மாவை அவன் சாட்சிக்கு இழுத்தான். அம்மாவும் கனவின் பகுதி என்றார் ஆடிட்டர். அவளிடமிருந்து பொறுக்கி வந்தது அவ்வளவுதான். காசாளர் தரையைப் பார்த்தார். பாவம் இந்தப் பையன், விட்டுவிடுங்களேன் என்று அந்த அறை முழுவதும் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“ஒம்பதாம் பக்கத்தக் குடுங்க,” என்றான்.

வாங்கிப் பார்த்தான். பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறம். அண்ணன் தம்பியின் மடியில் கிடக்கிறான். சுற்றிப் புகை. அண்ணன் தலைக்கு மேல் மூன்று பேச்சு பலூன்கள். அம்மாவைப் பார்த்துக்கொள். நல்லவனாக இரு. எனக்கு வலிக்கவில்லை.

அவன் அதை இரண்டு தரம் படித்தான்.

“இது எவன் சொன்ன கதை?” என்றான். “இவ்ளோ பொகைக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்கறவன் மூணு பலூன் பேசறான். வலிக்கலையாம். சொல்லிட்டு சாகறான்.”

“அது காமிக்ஸ் வழக்கம். எல்லாரும்தான் சாகும்போது பேசறாங்க.”

“நான் பக்கத்துல இருந்தேன் சார்.” குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “அவ நொரையீரல் பூரா தண்ணி. மூஞ்சில மாஸ்க்கு. மூணு பலூன் இல்ல. ஒரு பலூன் கூட இல்ல. எனக்கு அத இன்னும் வரிசையா சொல்ல வரல. எங்க மாமியார் அங்க இல்ல, அவங்க சொல்றாங்க, அழகா சொல்றாங்க, அவ கடைசியா என்ன சொன்னான்னு வரைக்கும் சொல்றாங்க. இந்தப் பக்கமும் அதேதான். யாரோ சொல்லித்தான் வரைஞ்சிருக்கு. அங்க இல்லாதவன் எவனோ.”

ஸ்கேன் சென்டர் பெண் இதழை வாங்கி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டரின் முகம் சிவந்துவிட்டது. “அப்படிப் பாத்தா ஒரு இதழும் நிக்காது. எல்லாப் படத்தையும் எவனோ சொன்ன பொய்யின்னு தள்ளிடலாம். அப்புறம் நாம எதப் புடிச்சுத்தான் பேசறது? சொல்லுங்க.”



கடைக்காரர் இதுதான் சமயம் என்று, எல்லாரும் நெகிழ்ந்துபோய்விட்டோம், விளக்கத்தை ஒருமனதாக ஏற்றுக்கொள்வோம் என்று ஆரம்பித்தார். ஆடிட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒருமனதெல்லாம் இல்லை. பதில் வந்திருக்கிறது, அதனால் தள்ளுபடி இல்லை. பதில் சரியில்லை, அதனால் ஏற்பும் இல்லை. விவாதத்தில் இருக்கிறது என்று போடுங்கள், அடுத்த கூட்டத்தில் கிழிக்கிறேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டு, நினைவாக என்ற வரியை அழித்துவிட்டு, அப்படியே போட்டார்.

படி இறங்கும்போது ஆடிட்டர் பின்னால் வந்தார். “படகு இதழ நீங்க படிச்சதே இல்ல, இல்ல?”

“இல்ல.”

“தெரிஞ்சுது. அவங்க இத விட நல்லா பேசியிருப்பாங்க. அடுத்த தரம் படிச்சுட்டு வாங்க. துக்கத்த மட்டும் தூக்கிட்டு வந்தா வாதம் ஆகாது.”

அவன் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கிப் போகும்வரை நின்றான். இல்லையென்றால் அடித்திருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து அவளுடைய இதழ்களைத் தரையில் கொட்டினான். சத்தம் கேட்டு மாமியார் அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தார். என்ன தேடுகிறீர்கள் மாப்பிள்ளை என்றார்.

“அத்தை, அவ உங்ககிட்ட கடைசியா ஒண்ணும் சொல்லல,” என்றான் நிமிராமல். “நீங்க பஸ்ல இருந்தீங்க.”

அழுவார் என்று எதிர்பார்த்தான். மாமியாரின் கண்ணில் வந்தது அது இல்லை.

“எனக்குத் தெரியாதா நான் எங்க இருந்தேன்னு?” என்றார். “வர்றவங்க எல்லாம் என்னைக் கேக்கறாங்க, எப்படிம்மா போனான்னு. பெத்தவ நான், எனக்கே தெரியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா? கூட இருந்தது நீங்க. நாலு மாசமா வாயத் தொறந்தீங்களா? கதவச் சாத்திக்கிட்டீங்க. நான் என்னத்தச் சொல்ல? எதையோ சொன்னேன்.”

அவன் கையில் ஒரு இதழ் இருந்தது. எது என்று பார்க்கவில்லை.

மாமியார் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இதழ்களை ஒதுக்கிவிட்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். கோபம் இன்னும் மூச்சில் இருந்தது.

“இப்பச் சொல்லுங்க.”

“அவளுக்குக் குளுந்துச்சு,” என்றான். “ஏசியக் கொறைக்கச் சொல்லி அந்த நர்ஸ என்னமா திட்டினா தெரியுமா? அப்புறந்தான் மாஸ்க்கு... இல்ல, மாஸ்க்கு அதுக்கு முன்னாடியே...”

“என்னன்னு திட்டினா?” என்றார் மாமியார்.