நான்காம் மாடியில் ஒரு வரி

காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு என்னைத் தனி வரி என்று அறிவித்தார்கள்.

அறிவித்தவர் பக்க வடிவமைப்பு அலுவலகத்தின் ஆய்வாளர் சகாயமேரி. கையில் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார். முதலில் வாசலை அளந்தார். பிறகு என்னை அளந்தார். பிறகு நான்காம் மாடியின் மற்ற வீடுகளைப் பார்த்தார். அங்கே வீடுகள் இல்லை. வெள்ளையாக இருந்தது.

“இந்த மாடியில நீங்க ஒருத்தர்தானா?”

“ஆமா மேடம்.”

“எவ்வளவு நாளா?”

“பதினொரு வருஷம்.”

“யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையா?”

“பண்ண ஆள் இல்ல.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

எனக்கு விதி தெரியும். நான் புத்தகம் வடிவமைக்கிறவன். எழுத்தின் அளவு, வரிகளுக்கு நடுவே இடைவெளி, பக்கத்தின் ஓரம், அட்டை எல்லாம் என் வேலை. ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவி, அதன் தலையில் தனியாக நிற்கக்கூடாது. பார்க்க நன்றாக இருக்காது. முந்தைய பக்கத்தை நெருக்கி அதை உள்ளே இழுக்கலாம். அல்லது இன்னொரு வரியைத் துணைக்கு அனுப்பலாம். இரண்டும் நடக்காவிட்டால் எடுத்துவிட வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

“நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது,” என்றார் சகாயமேரி. “துணைக்கு வர யாராவது இருக்காங்களா?”

யோசித்தேன். அவர் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை நிறுத்தினார்.

“அப்ப மூணாவது மாடிக்குள்ள போயிடுங்க. இல்லேன்னா எடுத்துடுவோம்.”

“வலிக்குமா?”

“யாரும் வந்து சொன்னதில்ல.”

ஒரு படிவம் கொடுத்தார். மூன்றாம் மாடியின் கடைசி ஆள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ‘விண்ணப்பதாரரைத் தெரிந்தவர்கள்’ என்ற இடத்தில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. அவற்றின் குறுக்கே அவரே ஒரு கோடு போட்டார்.

படி இறங்கினேன். படிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் குதிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று.

மூன்றாம் மாடி ஒரே கூடம். ஆட்கள் முப்பத்திரண்டு வரிசைகளாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வரிசையும் இடது சுவரைத் தொட்டுத் தொடங்கி வலது சுவரைத் தொட்டு முடிந்தது. ஆள் குறைந்த வரிசையில் இடைவெளி பெரிதாக இருந்தது. ஒரு வரிசையில் கணவன் ஒரு சுவரோரமும் மனைவி மறு சுவரோரமும் இருந்து சத்தமாகக் குடும்பம் நடத்தினார்கள்.

முதல் வரிசையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதாசலம் இருந்தார்.

“சார், கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தா எனக்கு ஒரு இடம் கிடைக்கும்.”

“நெருக்கினா ஓரம் நேரா வராதே. உமக்குத் தெரியாததா?”

“ஒவ்வொருத்தரும் துளி நகர்ந்தா போதும். கண்ணுக்கே தெரியாது.”

“சங்கத்து மலர்ல என் போட்டோவை வெட்டும்போதும் இதையேதான் சொன்னீர்.”

அந்தப் படத்தில் அவருக்கு ஒரு காதுதான் வந்தது. இப்போதும் ஒரு காதுதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். இல்லாத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கடைசி வரிசையில டீச்சர் இருக்காங்க. அங்க போய்க் கேளும்.”

கடைசி வரிசையின் வலது ஓரத்தில் பர்வீன் டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதியது ஒரே ஒரு நாவல். பதினொரு வருடங்களுக்கு முன் நான் அதை வடிவமைத்தேன்.

“மேல இருக்கறது நீங்கதானா?” என்றார். “நாற்காலி நகர்ற சத்தம் கேக்கும். எலின்னு நெனச்சேன்.”

“நான்தான் டீச்சர்.”

“ஒத்த எலின்னு நெனச்சேன்.”

படிவத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

“என் புத்தகத்துல நாலாவது அத்தியாயம். கடைசி வரி எங்க?”

அந்த வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நின்றது. நெருக்கிப் பார்த்தேன். உள்ளே வரவில்லை. எடுத்துவிட்டேன். ஐந்தாம் அத்தியாயம் ‘வேண்டாம்’ என்று தொடங்கும். எது வேண்டாம் என்று இதுவரை ஒரு வாசகரும் கேட்கவில்லை.

“உங்களைக் கேட்கத்தான் போன் பண்ணினேன் டீச்சர்.”

“பண்ணினீங்க. எடுத்தேன். ஹலோ ஹலோன்னு கத்தினேன். நீங்க பேசவே இல்ல.”

உண்மைதான். அப்போது நான் எட்டு நாளாக யாரோடும் பேசியிருக்கவில்லை. குரல் வரவில்லை. அவர் வைத்த பிறகு வந்தது.

“வரியைத் திருப்பிக் கொடுங்க. கையெழுத்துப் போடறேன்.”

“என்ன வரி அது?”

“எனக்கு எப்படித் தெரியும்? அச்சுல வந்ததைத்தானே நானும் படிக்கறேன்.”

மறுபடி ஏறினேன். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டில் கட்டில் இருந்த இடம் வெள்ளையாகியிருந்தது. அலமாரி பாதிதான் இருந்தது. சகாயமேரி என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

“பரவாயில்ல. டீயில சர்க்கரை போதுமா?”

“போதும். இங்க சர்க்கரை டப்பா நிறையவே இருக்கு.”

“வாங்கினா தீர மாட்டேங்குது மேடம்.”

மிச்சப் பாதி அலமாரியில் பழைய ப்ரூஃப் தாள்கள் இருந்தன. டீச்சருடையது அடியில் இருந்தது. வெள்ளைப் பக்கத்தின் தலையில் அந்த வரி. அதன்மேல் என் சிவப்புக் கோடு. கீழே அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது.

படித்தேன். இரண்டே சொற்கள்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். சகாயமேரி பின்னாலேயே வந்தார். அவர் தாண்டிய படிகள் வெள்ளையாயின.

மூன்றாம் மாடிக்கு இப்போது கதவு இருந்தது. சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது.

“யாரு?” இது வேதாசலம்.

“எலி,” என்றார் டீச்சர். யாரோ சிரித்தார்கள். “கொண்டு வந்தீங்களா?”

“கொண்டு வந்தேன் டீச்சர்.”

“அப்ப வாசிங்க.”

சகாயமேரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. தாளை விரித்தேன். அதுவும் வெள்ளையாகியிருந்தது. பரவாயில்லை. குரல் வருகிறதா என்று தொண்டையைச் செருமிப் பார்த்தேன். வந்தது.

“நானும் வரட்டுமா?”