கண்ணாடிக்கும் உண்ணிக் காய்ச்சல்

கண்ணாடிக்கு உண்ணிக் காய்ச்சல் வருமா? வராது. உண்ணி கடிக்கத் தோல் வேண்டும், தோலுக்கடியில் ரத்தம் வேண்டும். ஒரு சொட்டு ரத்தம்கூடத் தடவாத வெறும் கண்ணாடியில் இன்று காலை அத்தனை புள்ளிகளைப் பார்த்தேனே! அப்படியானால் அந்தக் கிடாவின் ரத்தத்தில் நான் பார்த்த புள்ளிகளும் நோய் இல்லை, சாயத்தின் கசடு. ஐயோ, அவர்கள் அனுப்பிய அல்வாவை வேறு தின்று தீர்த்தாயிற்று.

பாண்டி பஜார் நெரிசலில் நின்றுபோன ஆட்டோவுக்குள் உட்கார்ந்து ஜெயலக்ஷ்மி இப்படித் தன்னையே வைதுகொண்டிருந்தாள். நந்தனத்தில் ஆடுமாடுகளின் ரத்தத்தைச் சோதித்துச் சொல்லும் சின்னப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வெகுநாளாக மைக்ராஸ்கோப் பார்ப்பவள் அவள். ஆட்டின் காது நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லிசாக இழுத்துக் காயவைத்து, ஊதாச் சாயம் ஏற்றிப் பார்த்தால், உண்ணி கொண்டுவந்து விட்ட கிருமி சிவப்பணுக்களின் ஓரத்தில் கரும்புள்ளியாக உட்கார்ந்திருக்கும். மயிலாப்பூரில் அவள் வீட்டில், 'ஜெயா லேப்ல இருக்கா' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எந்த லேப், யாருடைய ரத்தம் என்று வந்தவர்கள் கேட்டால், அவள் கணவர் சுவாமிநாதன் அவர்களிடம் காபி வேண்டுமா என்று கேட்பார்.

தப்பு தண்ணீரால் நடந்தது. சாயத்தைக் கரைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கேனில் வரும். கிடாவின் ரத்தம் வந்த வாரம் அது வரவில்லை. அவசரத்துக்கு லாரித் தண்ணீரைப் பிடித்துக் கரைத்தாள். இந்த ஊரில் லாரித் தண்ணீரில் குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். சாயம் ஒன்றுதான் அதை ஒத்துக்கொள்ளாமல் திரிந்துபோகும். அது தெரிந்தும் செய்தாள். பிறகு சந்தேகம் தட்டி, இன்று காலை வெறும் கண்ணாடிக்குச் சாயம் போட்டாள். அதிலும் புள்ளி. எடுத்து வைத்திருந்த ராசாவின் இன்னொரு ஸ்லைடை நல்ல தண்ணீரில் செய்து பார்த்தாள். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

ராசா என்பது கிடாவின் பெயர்.

"இன்னா மேடம், அந்த ஆட்டு வூட்டுக்குத்தானே?" என்றான் ஆட்டோ ஓட்டும் தங்கவேல். ராசாவைப் பரிசோதனைக்கு ஏற்றி வந்தவனும் அவன்தான். "என் சீட்டு ரெக்சினைத் துன்னுட்டு இருந்துச்சு மேடம். சிக்னல்ல பஸ்ல கீறவன்லாம் சிரிக்கிறான். அதுக்கு சீக்கு வந்ததுக்கு என் சீட்டுதான் காரணம்னு சொல்லிடாதே, இன்னா?"

"சொல்ல மாட்டேன்" என்றாள். இன்றைய நாளில் அவளால் கொடுக்க முடிந்த ஒரே நல்ல செய்தி அது.

உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் அய்யாதுரையின் ஜவுளிக்கடை. அதற்கு மேல் வீடு. வீட்டுக்கு மேல் மொட்டை மாடியில் ராசா. திருநெல்வேலிப் பக்கம் அவர்களுடைய குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா, இரண்டு வருடங்களாக அட்டைப்பெட்டிகளையும் கஞ்சி போட்ட வேட்டிகளையும் தின்று வளர்ந்தது. அடுத்த வாரம் கோயில் கொடைத் திருவிழா. குறை உள்ள கிடா சாமிக்கு ஆகாது. காதில் உண்ணியும் உடம்பில் சூடும் இருந்ததால் ரத்தம் பார்க்கக் கொண்டுவந்தார்கள். 'உண்ணிக் காய்ச்சல்' என்று ஜெயலக்ஷ்மி போனில் சொன்ன அன்று மாலையே அல்வா வந்து சேர்ந்தது. நோய் என்றதற்கு இனிப்பு அனுப்பிய குடும்பத்தை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

மாடியில் அய்யாதுரையின் மனைவி பேச்சியம்மாள் ராசாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. ஏல ராசா, யாரு வந்துருக்கான்னு பாரு! உன் உசுரக் காப்பாத்துன மகராசிலே!"

"நான் டாக்டர் இல்லைங்க" என்று ஜெயலக்ஷ்மி வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஒரு தப்பு நடந்துடுத்து. அதுக்கு நோய் இல்லை. நான் பார்த்தது சாயத்தோட கசடு."

சீப்பு நின்றது. "நோய் இல்லியா?"

"ஒரு புள்ளிகூட இல்லை."

"அன்னிக்குக் கொதிச்சுதே?"

"அது தானா வந்து தானாப் போயிருக்கு. இப்ப நன்னா இருக்கே."

நன்றாகத்தான் இருந்தது. ஜெயலக்ஷ்மியின் கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் முந்தானையை அது அதற்குள் கால்வாசி வாய்க்குள் இழுத்திருந்தது. இருவரும் சேர்ந்து பிடுங்கினார்கள். பிடுங்கும்போதே பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, நீங்க கவிச்சி தொடாதவுக. ஒரு உசுரு போறதப் பாத்துக்கிட்டு இருப்பீகளா? புதுசா ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். பழசத் திருத்தாம இருந்தாப் போதும்."

பழசைத் திருத்தாமல் இருப்பது. அது ஜெயலக்ஷ்மிக்குக் கைவந்த வித்தை. கல்யாணமான புதிதில் ஒரு கச்சேரிக்குப் போகப் பிடிக்காமல் தலைவலி என்றாள். பிடிக்கவில்லை என்றிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். ஆனால் பிடிக்காததற்குக் காரணம் கேட்பார்கள், தலைவலிக்குக் கேட்க மாட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் அவளுக்குத் தலை வலித்தாக வேண்டியிருக்கிறது. சுவாமிநாதன் கார்த்திகையிலேயே தைலம் வாங்கி வைத்துவிடுகிறார். நல்ல மனிதர், தேய்த்தும் விடுகிறார். அந்தக் கைகளுக்கடியில் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது, இங்கே படுத்திருப்பவள் யார் என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அந்தச் சந்தேகம் வருவதில்லை. அங்கே இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அந்தச் சின்ன வட்ட வெளிச்சத்துக்குள் மட்டும் அவள் யாருக்கும் நல்லவளாக இருக்க வேண்டியதில்லை. ராசா பிழைக்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் அதற்காக இந்த இடத்தையும் கொடுத்துவிட்டால், பிறகு எங்கே போவது?

படியில் மூச்சு வாங்கும் சத்தம். இடுப்பில் பேஜரும் கையில் பொட்டலமுமாக அய்யாதுரை ஏறி வந்தார். ராசா துள்ளிப் போய்ப் பொட்டலத்தை முட்டியது. அவர் அதை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ராசாவுக்கு ஒண்ணும் இல்லியாம்" என்றாள் பேச்சியம்மாள், தோற்ற குரலில். "உங்களுக்குச் சந்தோசம்தான?"

கடையில் தீப்பிடித்தது என்று கேட்டவர் மாதிரி அவர் முகம் விழுந்தது.

"ஒரு புள்ளிகூடவா இல்ல? நல்லாப் பாத்தீங்களாம்மா? ஓரத்துல, எங்கயாவது?"

"இல்லைங்க."

"ஏங்க, நீங்களுமா?" பேச்சியம்மாள் சீப்பைக் கீழே போட்டாள். "கத்தி தீட்டாத கொறையா நின்னீக!"

"உனக்கு முன்னால வேற எப்பிடிட்டி நிக்க? தெனமும் அதுக்குப் பழம் யாரு குடுக்கான்னு நெனச்ச?" பொட்டலம் பிரிந்து வாழைப்பழங்கள் உருண்டன. ராசா தோலோடு விழுங்கத் தொடங்கியது.

ஜெயலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் மனசில்லைன்னா, குடுக்கலைன்னு சொல்லிடலாமே?"

"எப்பிடிம்மா சொல்ல? கெடா மேல பிரியமாயிட்டுன்னா? சாமிகூட ஒத்துக்கிடும். எங்கண்ணன் ஒத்துக்கிட மாட்டாரு. நோயின்னா கதையே வேற. நோய யாரு என்ன கேக்க முடியும்?" என்றார் அய்யாதுரை.

ஜெயலக்ஷ்மிக்குத் தைலப் புட்டி ஞாபகம் வந்தது. அவளைவிட அது யாருக்குத் தெரியும்?

கீழேயிருந்து அவர்கள் மகள் பூஜா கத்தினாள். "அப்பா! ஊர்லேருந்து பெரியப்பா போன்ல! டாக்டர் ஆன்ட்டி இங்கதான் இருக்காங்கன்னு சொல்லிட்டேன். அவங்க வாயால கேக்கணுமாம்!"

மூவரும் இறங்கினார்கள். ராசாவும் இறங்கியது. கூடத்தில் ரிசீவரைக் கையில் எடுத்த அய்யாதுரை அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"ஒத்த வார்த்தம்மா. காய்ச்சல்னு சொல்லுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. ரிசீவரை வாங்கினாள்.

"ஏம்மா!" திருநெல்வேலியிலிருந்து போனே தேவையில்லாத குரல் ஒன்று வந்தது. "கெடாவுக்கு நோயா, இல்லியா? உள்ளதச் சொல்லுங்க!"

"இல்லைங்க. ரத்தம் சுத்தமா இருக்கு. முதல்ல சொன்னது என் தப்பு."

பேச்சியம்மாள் சோபாவில் உட்கார்ந்தாள்.

"அப்பிடிப் போடுங்க! அப்பக் கொடைக்கு அனுப்பிரலாம்லா?"

"அது ரத்தத்துல தெரியாதுங்க. உங்க தம்பி சொல்வார்."

அவள் ரிசீவரை நீட்டினாள். அய்யாதுரை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு தலையைப் பலமாக ஆட்டினார். உதட்டை மட்டும் அசைத்து, "நீங்களே சொல்லிருங்க..." என்றார். பேச்சியம்மாள் எழுந்து கும்பிட்டாள். ரிசீவருக்குள் அண்ணன், "ஏல அய்யாதொர! ஏல!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாதுங்க" என்று மெல்லச் சொன்னாள் ஜெயலக்ஷ்மி. நீட்டிய கையை மடக்கவில்லை.